எல்லையை மாற்றப் பாதிக்கு மேல் போதும், பதின்மூன்றரை லட்சத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்

தக்கலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கும் கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. 1956-இல் நம்முடைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப்பட்டபோது நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டதா என்பது முதலாவது. அந்த மூன்றில் இரண்டு பங்கை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள், பாதிக்கு மேல் இருந்தால் ஏன் போதாது என்பது இரண்டாவது. ஒரு கட்சி நானூறு இடங்களைப் பிடித்துவிட்டால் அரசமைப்புச் சட்டத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்கிறார்களே, அது உண்மையா என்பது மூன்றாவது. நாகர்கோவில் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வழக்காடியவன், இந்த மண்ணிலேயே பிறந்தவன் என்ற இரு வகையிலும் இக்கேள்வி எனக்கு நெருக்கமானது. அதனால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதல் பகுதிக்கு விடை, தேவைப்படவில்லை என்பதுதான். ஒரு மாநிலத்தின் எல்லையைக் கூட்டவும் குறைக்கவும், புது மாநிலத்தை உருவாக்கவும், பெயரை மாற்றவும் அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அப்படி இயற்றப்படும் சட்டம் அரசமைப்பின் அட்டவணைகளையே மாற்றினாலும், அரசமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368-ஆவது பிரிவின்படியான திருத்தமாக அது கருதப்படாது என்று 4-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே 1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டம், மற்ற எந்தச் சாதாரணச் சட்டத்தையும் போல, அவையில் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவிலேயே நிறைவேறக்கூடியதாக இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அந்தச் சட்டத்தால்தான் 1956 நவம்பர் 1-ஆம் நாள் இந்தப் பக்கம் வந்தன. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இரண்டு ஆதாரங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், இருக்கின்றன. 1955-இல் என் தாத்தா தென்னந்தோப்பு வாங்கியபோது எழுதியது மலையாளத்தில் இருக்கிறது. முத்திரைத்தாள் திருவிதாங்கூர்-கொச்சி அரசினுடையது. அதே தோப்பை ஒட்டிய 12 சென்ட் நிலத்தை அவர் 1959-இல் வாங்கியபோது எழுதிய பத்திரம் தமிழில் இருக்கிறது. அதில் சென்னை மாநிலம் என்று வருகிறது. நிலத்தின் நான்கு எல்லைகளும் அப்படியேதான் இருக்கின்றன, கிழக்கே தோடு (ஓடை), மேற்கே ஊர்வழி என்று. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களுடைய அரசு, நீதிமன்ற மொழி, பள்ளிக்கூட மொழி எல்லாவற்றையும் மாற்றிய ஒரு முடிவுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்ற சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படவில்லை என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் நம் மாவட்டத்தின் வரலாற்றை அறிந்தவர்கள், அந்தக் கதவு தாழ்வாக இருந்ததனால்தான் நாம் உள்ளே நுழைய முடிந்தது என்பதை உணர்வார்கள். 1954 தேர்தலில், தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கக் கோரிய மார்ஷல் நேசமணி முதலியோரின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 117 இடங்கள் கொண்ட திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் 12 இடங்களை வென்றது. தமிழ்ப் பகுதிகளைப் பொறுத்தவரை அது பெரிய வெற்றி. ஆனால் அவைக்குள் அது வெறும் பன்னிரண்டு பேர்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நம்மவர்கள் உயிரிழந்தார்கள். எல்லையை மாற்றுவதற்கு, நிலத்தை இழக்கும் மாநிலத்தின் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் இசைய வேண்டும் என்று அரசமைப்பில் எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். இசைவு கிடைக்காமல் தடுக்கத் திருவிதாங்கூர்-கொச்சியில் 40 உறுப்பினர்கள் மறுத்தாலே போதும். பன்னிரண்டு பேர் எத்தனை ஆண்டுகள் முழங்கியிருந்தாலும் அந்தப் பூட்டு திறந்திருக்காது.

உயர்ந்த பெரும்பான்மை வேண்டும் என்ற விதி சிறுபான்மையினரைக் காக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அது பாதி உண்மை. அந்த விதி காப்பது, ஏற்கெனவே எழுதப்பட்டு நடைமுறையில் இருப்பதை. எழுதப்பட்டிருப்பது எளியவருடைய உரிமையாக இருந்தால் அது அவருக்குக் கேடயமாகிறது; எழுதப்பட்டிருப்பதே அவருடைய குறைக்குக் காரணமாக இருந்தால் அதே விதி அவர் முன்னே மதிலாக நிற்கிறது. தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். மாற்றத்தை வேண்டியவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு உயர்ந்த பெரும்பான்மை விதி எந்த நன்மையையும் செய்திருக்காது. எந்த விஷயத்துக்கு எந்த உயரத்தில் வாசல் வைப்பது என்பதுதான் அரசமைப்பை எழுதுவோருக்கு முன்னால் உள்ள கடினமான கேள்வி. நம் அரசமைப்பை எழுதியவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வாசலை வைக்காமல், சாதாரணப் பெரும்பான்மை, சிறப்புப் பெரும்பான்மை, அதற்குமேல் மாநிலங்களின் ஒப்புதல் என்று வெவ்வேறு உயரங்களில் மூன்று வாசல்களை வைத்ததில் எனக்கு மதிப்பு உண்டு.

இவற்றில் முதல் இரண்டு வாசல்களும் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்பதைக் காட்ட நம் மாவட்டத்தைப் பற்றிய ஒரு பிரிவே அரசமைப்பில் இருக்கிறது. அதிகம் பேர் அறியாதது அது. 290-ஏ பிரிவு 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. கேரள அரசு தன் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்க வேண்டும் என்றும், 1956 நவம்பர் 1-ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து மாற்றப்பட்ட பகுதிகளில் உள்ள கோயில்களின் பராமரிப்புக்காகத் தமிழ்நாட்டு அரசு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்க வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், குமரி பகவதியம்மன் கோயிலும் அந்த வரிக்குள் அடங்குகின்றன. ரூபாய்க் கணக்கோடு ஒரு மாவட்டத்துக் கோயில்களின் செலவு ஒரு நாட்டின் அரசமைப்பில் எழுதப்பட்டிருப்பது மிக அரிது.

இனி இந்தப் பிரிவை உற்றுப் பாருங்கள். 1956-இல் அது எழுதப்பட்டபோது அதில் சென்னை மாநிலம் என்றுதான் இருந்தது. இன்று தமிழ்நாடு என்று இருக்கிறது. அந்தச் சொல்லை மாற்றியது 1968-ஆம் ஆண்டின் பெயர் மாற்றச் சட்டம். அது 1969 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலன்று, நடைமுறைக்கு வந்தது. அதுவும் 3, 4-ஆவது பிரிவுகளின் கீழ் வந்த சாதாரணச் சட்டம்தான். ஆகவே அப்பிரிவில் உள்ள மாநிலத்தின் பெயர் சாதாரணப் பெரும்பான்மையால் மாறியது. ஆனால் அதே வாக்கியத்தில் உள்ள 13 லட்சத்து 50 ஆயிரம் என்ற எண்ணை மாற்ற வேண்டுமானால் 368-ஆவது பிரிவின் சிறப்புப் பெரும்பான்மை தேவை. கூடுதலாக மானியம் வழங்குவதற்கு மாநில அரசுக்குத் தடை இல்லை, அதற்குத் திருத்தமும் வேண்டியதில்லை; எழுதிய எண்ணை அழித்து வேறெண் எழுதுவதற்குத்தான் இந்தப் பாடு. நான்கு தாலுகாக்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நகர்த்துவதைவிட அந்த ஓர் எண்ணை நகர்த்துவது சட்டத்தின் பார்வையில் கடினமானது.

இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். இங்கேதான் செய்தித்தாள் படிப்பவர்களும் சில சமயம் தொலைக்காட்சியில் பேசுபவர்களும் தவறு செய்கிறார்கள். 368-ஆவது பிரிவு இரண்டு அளவுகோல்களை ஒருசேர வைக்கிறது. அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரவாக வாக்களிக்க வேண்டும்; வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் ஆதரவாக வாக்களிக்க வேண்டும். இரண்டும் நிறைவேற வேண்டும், அதுவும் மக்களவை, மாநிலங்களவை ஆகிய இரண்டிலும் தனித்தனியே.

மக்களவையின் 543 இடங்களை எடுத்துக்கொள்வோம். காலியாக உள்ள இடங்களையும் சேர்த்தே மொத்தம் கணக்கிடப்படுவதால், எந்த நிலையிலும் 272 பேருடைய ஆதரவு கட்டாயம் வேண்டும். எல்லோரும் வந்து வாக்களித்தால் மூன்றில் இரண்டு என்பது 362. அவைக்கு 450 பேர் வந்து வாக்களித்தால் அது 300 ஆகக் குறைகிறது. 408 பேர் வாக்களித்தால் 272. இங்கே இரண்டு அளவுகோல்களும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன. அதற்கும் கீழே, 360 பேர் மட்டும் வாக்களித்தால், மூன்றில் இரண்டு என்பது 240 தான். ஆனால் 272 என்ற முதல் அளவுகோல் தடுத்து நிறுத்துகிறது. பாதி காலியான அவையில் அரசமைப்பைத் திருத்திவிட முடியாதபடி இந்த இரட்டைப் பூட்டு அமைக்கப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. வெளிநடப்புச் செய்வதும் எதிர்த்து வாக்களிப்பதும் ஒன்றல்ல. வெளிநடப்புச் செய்தவர் வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து கழிந்துபோவதால், தாண்ட வேண்டிய உயரமே சற்றுக் குறைந்துவிடுகிறது. 2016 ஆகஸ்ட் 3-ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரிக்கான திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தபோது அதை எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். முடிவு 203-க்கு 0 என்று பதிவானது. பின்னாளில் அந்த ஏட்டைப் புரட்டும் ஒருவருக்குத் தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பே இல்லை என்றுதான் தோன்றும். அன்று அவர்கள் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் திருத்தம் நிறைவேறியே இருக்கும். ஆனால் நெருக்கமான வாக்கெடுப்பில் இந்த வேறுபாடு முடிவையே மாற்றிவிடும்.

அப்படி நெருக்கமாக முடிந்த வாக்கெடுப்பு ஒன்றை ஒவ்வொரு சட்ட மாணவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். முன்னாள் மன்னர்களுக்கு வழங்கப்பட்டுவந்த மன்னர் மானியத்தை ஒழிப்பதற்கான திருத்த மசோதா 1970-இல் மக்களவையில் நிறைவேறியபின், செப்டம்பர் 5-ஆம் நாள் மாநிலங்களவைக்கு வந்தது. நம்முடைய முன்னோர் குடிமக்களாக இருந்த திருவிதாங்கூரின் அரச குடும்பமும் அந்த மானியத்தைப் பெற்றுவந்த ஒன்று. ஆதரவாக 149 வாக்குகளும் எதிராக 75 வாக்குகளும் விழுந்தன. மொத்தம் 224, அதில் மூன்றில் இரண்டு என்பது 149-ம் மூன்றில் ஒன்றும். ஒரு வாக்கின் மூன்றிலொரு பங்கு குறைந்ததால் மசோதா தோற்றது. எதிர்த்தவர்களில் ஒருவர் மட்டும் அன்று வாக்களிக்காமல் இருந்திருந்தால் 223-இல் 149 போதும் என்றாகி அது நிறைவேறியிருக்கும். அதன்பின் மத்திய அரசினர் மன்னர்களின் அங்கீகாரத்தைக் குடியரசுத் தலைவரின் ஆணையால் நீக்கிப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை அதே ஆண்டு டிசம்பரில் செல்லாது என்றது. 1971 தேர்தலுக்குப் பிறகு 26-ஆவது திருத்தமாகத்தான் மானியம் ஒழிந்தது.

எந்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு என்பதைத் தெளிவாக எழுதிவைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை நான் எங்கள் ஊர் நூலகச் சங்கத்தில் நேரில் கண்டேன். அதன் பழைய விதிமுறைகளில், விதியை மாற்ற 'உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர்' இசைய வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தது. 96 உறுப்பினர்கள். சந்தாவை உயர்த்தும் பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 60 பேர். 48 பேர் கை தூக்கினார்கள், 12 பேர் எதிர்த்தார்கள். வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கு என்றார் செயலாளர். மொத்த உறுப்பினர்களில் சரிபாதிதான், ஒருவர்கூட அதிகமில்லை என்றார் எதிர்த்தவர்களின் சார்பில் பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர். இருவரும் சொன்ன கணக்கு சரி. விதியை எழுதியவர் உயிரோடு இல்லை. இரண்டு ஆண்டுகள் பழைய சந்தாவும் புதிய சந்தாவும் தனித்தனி ரசீதுகளில் வசூலாகி, வாரத்தில் நான்கு நாள் நூலகம் பூட்டிக் கிடந்தது. 368-ஆவது பிரிவில் மொத்த உறுப்பினர், வந்திருந்து வாக்களித்தவர் என்ற இரண்டு சொற்றொடர்களும் எவ்வளவு கவனத்தோடு இடப்பட்டிருக்கின்றன என்பதை அந்தப் பூட்டிய கதவின் முன் நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

ஒரு மசோதாவை அறிமுகம் செய்வதற்கு இந்தச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான 129-ஆவது திருத்த மசோதா 2024 டிசம்பர் 17-ஆம் நாள் அறிமுகமானபோது 269 பேர் ஆதரித்தார்கள், 198 பேர் எதிர்த்தார்கள். மசோதா நிறைவேறிவிட்டது என்று அன்று மாலையே பலர் பேசினார்கள். நிறைவேற்றும் வாக்கெடுப்பாக அது இருந்திருந்தால், வாக்களித்த 467 பேரில் 312 பேருடைய ஆதரவு தேவைப்பட்டிருக்கும். 269 என்பது மொத்த உறுப்பினரில் பாதியைக்கூடத் தொடவில்லை.

சாதாரணச் சட்டத்தில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் நடத்தி எண்ணிக்கை மிகுந்த மக்களவையின் விருப்பத்தை நிறைவேற்றிவிடலாம். அரசமைப்புத் திருத்தத்துக்கு அந்த வழி இல்லை. இதனால் இரண்டாம் நிலையில் இருப்பதாகப் பலர் நினைக்கும் மாநிலங்களவைக்கு இந்த ஒரு விஷயத்தில் மக்களவைக்குச் சமமான வலிமை இருக்கிறது. 1970-இல் மன்னர் மானியத் திருத்தத்தை நிறுத்தியதும், 1989-இல் ஊராட்சிகளுக்கான 64-ஆவது திருத்த மசோதாவை நிறுத்தியதும் அந்த அவைதான்.

மூன்றாவது வாசல் இன்னும் உயரமானது. குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், மத்திய மாநில அதிகாரப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், 368-ஆவது பிரிவு ஆகியவற்றைத் தொடும் திருத்தங்களுக்கு, இரு அவைகளின் சிறப்புப் பெரும்பான்மைக்குப் பிறகு, குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்புதல் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இன்றுள்ள 28 மாநிலங்களில் 14. சட்டமன்றத்துக்குள் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதற்குக் காலவரம்பு எதையும் அரசமைப்பு விதிக்கவில்லை. அமெரிக்காவில் முதலில் காலவரம்பு இல்லாமல் 1789-இல் முன்மொழியப்பட்ட ஒரு திருத்தம் 1992-இல்தான் தேவையான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்று அவர்களுடைய 27-ஆவது திருத்தமானது என்பதை நினைத்தால் அந்தக் காலவரம்பின்மையின் பொருள் விளங்கும்.

இந்த மூன்றாவது வாசல் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் கூட்டுறவுச் சங்கங்களின் கதையைச் சொல்வேன். நம் மாவட்டத்தில் நகைக்கடனுக்கும் பயிர்க்கடனுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் படியேறாத குடும்பம் குறைவு. கடற்கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள். 2012-இல் நடைமுறைக்கு வந்த 97-ஆவது திருத்தம், கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று ஒரு தனிப் பகுதியையே அரசமைப்பில் சேர்த்தது. இயக்குநர்கள் 21 பேருக்கு மேல் கூடாது, பதவிக்காலம் 5 ஆண்டு என்பன போன்ற விதிகள் அதில் இருந்தன. விதிகளில் பெரும்பாலானவை நல்லவைதான். ஆனால் கூட்டுறவுச் சங்கம் மாநிலப் பட்டியலின் 32-ஆவது இனம். மாநிலங்களின் அதிகாரத்தை வரம்பிடும் அந்தத் திருத்தத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலைக் கேட்கவேயில்லை. 2021 ஜூலை 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்றது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கான விதிகளை மட்டும் செல்லும் என்று நிலைக்க விடலாமா என்பதில்தான் மூன்று நீதிபதிகளிடையே இரண்டுக்கு ஒன்று என்று கருத்து வேறுபட்டது. திருத்தத்தின் உள்ளடக்கம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. வர வேண்டிய வாசல் வழியாக அது வரவில்லை. அது போதுமானதாக இருந்தது.

மூன்றாவது பகுதி, நானூறு இடங்களைப் பற்றியது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், மக்களவையில் 362-க்கு மேல் வைத்திருக்கும் ஒரு கட்சி, மாநிலங்களவையிலும் மூன்றில் இரண்டு பங்கைத் திரட்டிவிட்டால், 368-ஆவது பிரிவின் முதல் பகுதியைத் தனித்தே தாண்டிவிட முடியும். 1984 தேர்தலுக்குப் பின் மக்களவையில் காங்கிரஸ் அந்த நிலையில் இருந்தது. நானூறுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்த அந்தத் தேர்தலில் அதன் வாக்கு விகிதம் பாதியைத் தொடவில்லை. 1971-இல் ஏறத்தாழ 44 சதவீத வாக்குகளுக்கு 352 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்குப் பெற்றவர் வெல்லும் முறையில், இடங்களில் மூன்றில் இரண்டு என்பது மக்களில் மூன்றில் இரண்டு ஆகிவிடாது. சிறப்புப் பெரும்பான்மையை நாட்டின் பரந்த இசைவு என்று சொல்லும்போது இந்தக் குறையை மறைக்கக் கூடாது. கொறடாவின் உத்தரவை மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் உறுப்பினர் பதவியே போய்விடும் என்ற நிலையில், 362 பேர் என்பது 362 தனி மனச்சான்றுகள் என்று கொள்வதும் கடினம். 1976-இல் நெருக்கடி நிலையின்போது எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, 42-ஆவது திருத்தம் தேவையான எல்லாப் பெரும்பான்மைகளையும் பெற்று, மாநிலங்களின் ஒப்புதலையும் பெற்று நிறைவேறியது. எந்தக் கணக்கிலும் அதில் பிழை இல்லை. அதனால்தான் வெறும் எண்ணிக்கையை மட்டும் நம்பியிருக்கும் பாதுகாப்பு போதாது என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் போதாமையைத்தான் 1973 ஏப்ரல் 24-ஆம் நாள் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு நிரப்பியது. காசர்கோடு பக்கத்து எடநீர் மடத்தின் தலைவர், கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்று 13 நீதிபதிகளில் 7 பேர் முடிவு செய்தார்கள். 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் 42-ஆவது திருத்தத்தின் சில பகுதிகளும், 2015-இல் நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-ஆவது திருத்தமும் இந்த அடிப்படையில் வீழ்ந்தன. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் மூன்றில் இரண்டு பங்கினரை, தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்ற மயிரிழைப் பெரும்பான்மையால் கட்டுப்படுத்துவது முறையா என்று என் நண்பர்களான அரசியல் தொண்டர்கள் கேட்பதுண்டு. அது நேர்மையான கேள்வி. அதற்கு நான் சொல்வது, 1976-ஐப் பார்த்தபிறகு அந்த ஒரு வாக்கு இந்த நாட்டுக்குச் செய்த நன்மையை என்னால் மறுக்க முடியவில்லை என்பதே. 1978-இல் ஜனதா அரசு வேறொரு வழியைத் தேடியது. அடிப்படை அம்சங்களைத் தொடும் திருத்தத்தை நேரடியாக மக்களின் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று அதன் மசோதா முன்மொழிந்தது; மாநிலங்களவை அந்தப் பகுதியை ஏற்கவில்லை.

ஆகவே தம்பிக்கு என் விடை: நானூறு இடங்கள் மாநிலங்களவையைத் தாண்டாது, மாநிலங்களவையைத் தாண்டினாலும் சில விஷயங்களில் பதினான்கு சட்டமன்றங்கள் நிற்கின்றன, அவற்றையும் தாண்டினால் அடிப்படைக் கட்டமைப்பு நிற்கிறது. ஆனால் மாநில எல்லைகளைப் பொறுத்தவரை நானூறு தேவையே இல்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமக்கு மிக அருகில் உள்ள இலங்கையில், வராத உறுப்பினர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு என்பதுதான் கணக்கு. 225-இல் 150, எத்தனை பேர் வந்தாலும் அது மாறாது. 2020-இல் 20-ஆவது திருத்தம் 156 வாக்குகளோடு நிறைவேறியது. குறிப்பிட்ட சில பிரிவுகளுக்கு அதற்குமேல் மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும். அங்கே ஒருவர் வெளிநடப்புச் செய்தாலும் எதிர்த்து வாக்களித்தாலும் கணக்கில் ஒரே விளைவுதான், நம்மிடம் அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதும் பெரும்பான்மை, அத்துடன் ஆறு மாநிலங்களில் நான்கில் பெரும்பான்மை என்ற விதி. இதுவரை மக்கள் முன் வைக்கப்பட்ட 45 திருத்தங்களில் 8 மட்டுமே வென்றன. இந்தியாவில் 2023 வரை 106 திருத்தங்கள். நம்முடைய அரசமைப்பு மிக நீளமானது, 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வரை எழுதிவைத்திருப்பது. அடிக்கடி திருத்த நேர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, கேள்வியில் எழுதாமல் விட்டிருந்தாலும் அதன் அடியில் இருக்கும் ஒன்றுக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாநில எல்லைகளுக்கும் மூன்றில் இரண்டு பங்கு விதியைக் கொண்டுவர வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தை நம் மாவட்டத்தின் பன்னிரண்டு பேர் கதையிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் 3-ஆவது பிரிவில் ஒரு குறை இருக்கிறது. சம்பந்தப்பட்ட மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு மசோதாவை அனுப்பிக் கருத்துக் கேட்டால் போதும். அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. கட்டுப்படுத்தாமல் இருப்பதில் எனக்குக் குறையில்லை. கருத்துச் சொல்வதற்கு ஓர் அவையே இல்லாதபோது என்ன செய்வது என்பதுதான் என் கவலை. 1956-இல் நம்மை மாற்றிய சட்டம் நிறைவேறிய நாளில் திருவிதாங்கூர்-கொச்சியில் சட்டமன்றம் இல்லை. அந்த ஆண்டு மார்ச் மாதத்திலிருந்தே குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. நாம் விரும்பிய முடிவு என்பதால் அதை நாம் கவனிக்கவில்லை. 2019-இல் ஜம்மு காஷ்மீர் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோதும் அங்கே சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. எல்லையை மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை இருக்கட்டும், ஆனால் சம்பந்தப்பட்ட மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று உயிரோடு இருந்து, அந்த மசோதாவை விவாதித்து, பெயர் சொல்லி வாக்களித்த பிறகே நாடாளுமன்றம் முடிவெடுக்க வேண்டும் என்ற ஒரு வரி 3-ஆவது பிரிவில் சேர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்த வரியைச் சேர்ப்பதற்கு 368-ஆவது பிரிவின் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்.